கெட்டது மிக்ஸியா, அதன் கப்ளரா?

சட்னி அரைக்கும்போது மிக்ஸி நின்றுவிடுகிறது. இரண்டே நாளில் வீட்டுக்குப் புது மிக்ஸி வந்துவிடுகிறது. நடுவில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: இதில் எந்தப் பாகம் கெட்டது? "மிக்ஸி போச்சு" என்று நாம் சொல்லும்போது, பல நேரம் போயிருப்பது சில பத்து ரூபாய் பெறும் ஓர் உதிரி பாகம்தான். அது எது என்று நீங்களே பார்த்துச் சொல்ல முடியும். அதற்கு மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சத்தமே இல்லாமல் மிக்ஸி நின்றுவிட்டால்?

முதலில் வேறொரு பிளக் பாயிண்டில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் ஓடவில்லையென்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு மிக்ஸியைச் சாய்த்து அடிப்பக்கம் பாருங்கள். பெரும்பாலான மிக்ஸிகளில் அங்கே ஒரு சின்னப் பொத்தான், அநேகமாகச் சிவப்பு நிறத்தில் இருக்கும். அதுதான் ஓவர்லோடு சுவிட்ச் (மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் தானே நிறுத்திவிடும் பாதுகாப்பு). ஜாரில் மாவை அதிகம் போட்டாலோ, நிறுத்தாமல் அரைத்தாலோ அது விழுந்துவிடும். சிறிது நேரம் ஆறவிட்டு, அந்தப் பொத்தானை அழுத்துங்கள். பழுது என்று நினைத்தது பல வீடுகளில் இதோடு தீர்ந்துவிடும்.

மோட்டார் ஓடுகிறது, பிளேடு மட்டும் சுற்றவில்லை என்றால்?

அது கப்ளர் (மோட்டாரின் சுழற்சியை ஜாரின் பிளேடுக்குக் கடத்தும் பல்வைத்த வட்டு). மிக்ஸியின் தலையில் ஒன்று, ஜாரின் அடியில் ஒன்று இருக்கும். பல் தேய்ந்திருந்தாலோ உடைந்திருந்தாலோ கண்ணுக்கே தெரியும். மோட்டாருக்குச் சேதம் வராமல் தான் முதலில் தேய்வதுதான் அதன் வேலை. ஆகவே அது தேய்ந்தால் மிக்ஸியின் ஆயுள் முடிந்ததாக எண்ண வேண்டாம்.

ஜாரின் அடியில் கசிந்தால் புஷ்ஷோ வாஷரோ போயிருக்கும். உள்ளே பொறி பறந்து, விட்டுவிட்டு ஓடினால் கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கரித்துண்டு) தேய்ந்திருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். அதுவும் சின்ன வேலைதான்.

இந்த உதிரிகள் கிடைக்குமா?

தாராளமாக. தமிழ்நாட்டில் அரிசி வாங்கும் குடும்ப அட்டைகளுக்கு 2011 முதல் அரசே மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. இத்தனை மிக்ஸி ஓடும் ஊரில் உதிரிக்குப் பஞ்சமில்லை. பழைய கப்ளரைக் கையோடு கொண்டுபோய் மிக்ஸி ரிப்பேர் கடையில் காட்டுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். கழற்றும்போது ஒரு விஷயம்: சில மாடல்களில் மரை எதிர்ப்புறமாக இருக்கும். வராததைப் பலம்கொண்டு திருகி உடைத்துவிடாதீர்கள்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால்?

ரெகுலேட்டரை முழுதாக வைத்தும் காற்று வரவில்லை; அல்லது உறுமிக்கொண்டே நிற்கிறது, கம்பால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது. இந்த இரண்டு அறிகுறிகளும் பெரும்பாலும் கண்டென்சரைத்தான் (மோட்டார் சுற்றத் தொடங்கவும் வேகமெடுக்கவும் உதவும் பாகம்) காட்டுகின்றன. சாதாரண சீலிங் ஃபேனில் இது பொதுவாக 2.5 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். பழையதின் மேலேயே அச்சிட்டிருக்கும், அதே அளவில் வாங்க வேண்டும். நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயினையே அணைக்க வேண்டும். அதன் பிறகும் கண்டென்சரில் சிறிது மின்சாரம் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர் எலக்ட்ரீஷியனை அழைப்பதே நல்லது. ஆனால், "கண்டென்சரை மாற்றிப் பாருங்கள்" என்று நீங்கள் சொன்னால், பேச்சு புது ஃபேன் பக்கம் போகாது.

குக்கரில் விசில் வரவில்லை என்றால்?

மூடியின் விளிம்பில் ஆவி கசிகிறதா பாருங்கள். கசிந்தால் கேஸ்கட் இறுகிப்போயிருக்கும், மாற்றிவிடுங்கள். கசியவில்லை என்றால் வெயிட் உட்காரும் குழாயில் அடைப்பு இருக்கலாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். சேஃப்டி வால்வில் மட்டும் சிக்கனம் வேண்டாம். உங்கள் குக்கர் கம்பெனியின் வால்வையே வாங்குங்கள்.

எதில் கை வைக்கக் கூடாது?

மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். ஃபிரிட்ஜின் கேஸ் லைன், சமையல் எரிவாயு ரெகுலேட்டர், உப்பிய செல்போன் பேட்டரி, இவை எல்லாம் பயிற்சி பெற்றவரின் வேலை. வாரண்டி காலம் முடியாத பொருளையும் திறக்காதீர்கள்; திறந்தால் வாரண்டி செல்லாமல் போகலாம்.

கம்பெனிகள் வேண்டுமென்றே சீக்கிரம் கெடும்படி செய்கின்றனவா?

எல்லாப் பழுதும் சதி அல்ல. விலையைக் குறைக்க மெல்லிய பாகம் போட்டால் அது சீக்கிரம் தேயத்தான் செய்யும். ஆனால் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1924-இல் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் 'ஃபீபஸ்' என்ற கூட்டணியை அமைத்தன. அதற்கு முன் 1,500 முதல் 2,000 மணி நேரம் எரியும் பல்புகள் விற்பனையில் இருந்தன. கூட்டணி அதை 1,000 மணி நேரமாகக் குறைத்தது. அதைவிட அதிகம் எரியும் பல்பைச் செய்த உறுப்பினருக்கு அபராதமும் போட்டது. வெளிச்சம் கூடும் என்று காரணம் சொன்னார்கள். விற்பனையும் கூடும் என்பதை மக்கள் பின்னால் புரிந்துகொண்டார்கள்.

எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் லாபம்தானே?

கடைக்காரரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "பழசு எதுவும் கொடுக்காமல் வாங்கினால் கடைசி விலை என்ன?" இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பழைய பொருளுக்குக் கிடைக்கும் உண்மையான விலை. சில கடைகளில் அது பூஜ்யமாகக்கூட இருக்கும். கூடுதல் வாரண்டி வாங்கச் சொன்னால், எதற்கெல்லாம் பொருந்தாது என்ற பகுதியைப் படியுங்கள். சீக்கிரம் தேயும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

அப்படியானால் புதிது வாங்கவே கூடாதா?

வாங்கலாம், கணக்குப் போட்டு. பழுதுச் செலவு புதுப் பொருளின் விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்கலாம். மின்சாரச் சேமிப்பையும் இப்படியே கணக்கிடுங்கள். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் உள்ளது) சுமார் 30 வாட். தினமும் 10 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 13, 14 யூனிட் மிச்சம். நாளெல்லாம் ஓடும் கூடத்து ஃபேனுக்கு இது நல்ல காரணம். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றும் அறைக்குப் பழையதே போதும்.

ரிப்பேர் கடையில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

திறப்பதற்கு முன்பே பார்க்கும் கூலி எவ்வளவு என்று கேளுங்கள். எந்தப் பாகம் போனது என்று காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்குங்கள். பில்லில் பாகத்தின் பெயர் இருக்கட்டும். கம்பெனி சர்வீஸ் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. பல கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்கள் அதில் ஒரே இடத்தில் இருக்கின்றன.

வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு டெஸ்டர், ஒரு இன்சுலேஷன் டேப், குக்கருக்கு உபரியாக ஒரு கேஸ்கட். ஒவ்வொரு பொருளின் மாடல் எண்ணையும் வாங்கிய தேதியையும் ஒரே நோட்டில் எழுதி, பில்லையும் அதிலேயே ஒட்டிவையுங்கள்.

அடுத்த முறை கடையில் நிற்கும்போது எத்தனை வாட், எத்தனை ஜார் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். "இதன் கப்ளரும் ஜாரும் தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் எந்த ஊரில்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராத பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும், அதன் முதல் பழுதோடு நீங்கள் மறுபடி கடைக்கு வர வேண்டியிருக்கும்.