வெயில் ஊரில் கோல்ப் ஆட்டம்: எந்த மைதானத்துக்குப் போகலாம்?

வடக்கேயிருந்து ஒரு பெரிய அதிகாரி சென்னைக்கு வருகிறார். கம்பெனி வேலை 2 நாள். மூன்றாம் நாள் காலையில் ஒரு ரவுண்டு கோல்ப் ஆடவேண்டும், நல்ல மைதானமாகப் பார்த்து வையுங்கள் என்று மானேஜருக்குத் தகவல் வருகிறது. மானேஜர் கிளார்க்கைப் பார்க்கிறார். கிளார்க் திருதிரு என்று முழிக்கிறார்.

கிண்டியா? நந்தனமா? பேசாமல் ஊட்டிக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாமா?

"பணக்காரங்க சமாசாரம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்த ஆட்டத்தில் ஊர் நிலம் இருக்கிறது. ஊர்த் தண்ணீர் இருக்கிறது. அன்றாடம் கூலி வாங்கி அடுப்பு மூட்டும் குடும்பங்களும் இருக்கின்றன.

நாலே கால் அங்குலக் குழி

ஆட்டம் என்னவோ சுலபம்தான். 46 கிராம் எடைகூட இல்லாத ஒரு சின்னப் பந்து. அதைக் குச்சியால் அடித்து, தூரத்தில் இருக்கும் நாலே கால் அங்குல அகலக் குழியில் தள்ளவேண்டும். இப்படி 18 குழி. குறைந்த அடியில் முடித்தவர் ஜெயித்தவர். பையில் 14 குச்சிக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டமே உண்டு.

முழு மைதானத்தையும் சுற்றி வர 6, 7 கிலோ மீட்டர் நடக்கவேண்டும். 4 மணி நேரம் ஆகும். அந்த 4 மணி நேரமும் தலைக்கு மேலே சூரியன்!

ஆகவே வெயில் ஊரில் ஆடப் போகிறவர் மைதானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கடிகாரத்தையும் காலண்டரையும் பார்க்கவேண்டும்.

காலண்டரைப் பாருங்கள்

சென்னைக்கு ஏற்ற மாதங்கள் மார்கழி, தை, மாசி. டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்ததும் புல் பச்சைப் பசேல் என்று இருக்கும். காலைக் காற்றும் குளுமை. பிப்ரவரி வரை கவலை இல்லை.

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. தரை சொதசொத என்று கிடந்தால் பந்து விழுந்த இடத்திலேயே புதைந்துகொள்ளும். மே மாதம் கத்திரி. 2003-ம் ஆண்டு மே மாதக் கடைசியில் சென்னை வெயில் 45 டிகிரி செல்சியசைத் தொட்டது. அந்த மாதிரி நாளில் 18 குழி ஆடுகிறேன் என்று கிளம்புவது வீரம் அல்ல, வீம்பு.

கோடையிலும் ஆடித்தான் ஆகவேண்டும் என்றால் வழி இருக்கிறது. விடியற்காலை 6 மணிக்கு முதல் பந்தை அடித்துவிட வேண்டும். 10 மணிக்குள் முடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் 9 குழியோடு நிறுத்திக்கொள்ளலாம். பாதி ஆட்டம் என்று யாரும் கேலி செய்யமாட்டார்கள்.

இடி இடித்தால் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது. 1975-ம் ஆண்டு அமெரிக்காவில் சிகாகோ அருகே நடந்த பெரிய போட்டியில் லீ டிரெவினோ என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரையே மின்னல் தாக்கியது. உயிர் பிழைத்தார், ஆனால் முதுகு வலி விடவில்லை. வெட்டவெளி, ஒற்றை மரம், கையில் இரும்புக் குச்சி... மூன்றுமே ஆபத்து.

ஊர் ஊராக ஒரு பார்வை

நந்தனம்: அண்ணா சாலையில் பஸ்சில் போகிறவர்களுக்கு, இந்த நெரிசலுக்குப் பக்கத்தில் 18 குழி கோல்ப் மைதானம் இருக்கிறது என்று சொன்னால் நம்பிக்கை வராது. 1873-ல் தொடங்கிய காஸ்மாபாலிட்டன் கிளப்பின் மைதானம் அது. ஊருக்கு நடுவில் என்பதால் வெளியூர்க்காரருக்கு அலைச்சல் மிச்சம்.

கோவை: செட்டிப்பாளையத்தில் 18 குழி மைதானம். சென்னை மாதிரி புழுக்கம் கிடையாது. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூக்கி அடிக்கும். காற்றை எதிர்த்து அடிக்கத் தெரியாதவர் அந்த மாதங்களில் போனால் பந்து ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்தான்.

ஊட்டி, கொடைக்கானல்: வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்காரர்கள் மலைக்கு ஓடியபோது குச்சியையும் பந்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். கொடைக்கானல் கோல்ப் கிளப் 1895-ம் ஆண்டிலேயே தொடங்கியது. சுமார் 7 ஆயிரம் அடி உயரம். மேலே காற்று லேசு என்பதால் பந்து கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். ஆனால் ஏற்ற இறக்கத்தில் மூச்சு வாங்கும். மூடுபனி வந்தால் பந்து எங்கே போனது என்றே தெரியாது. கொடைக்கானலில் காட்டெருமைகளும் மைதானத்துக்கு மேய வரும். அவை வந்தால் ஆட்டம் அவைகளுடையது; நீங்கள் ஒதுங்கி நிற்கவேண்டியதுதான்!

வாடகை ரூ.614!

இனி கிண்டி.

குதிரைப் பந்தய மைதானத்துக்கு உள்ளேயே அமைந்தது ஜிம்கானா கிளப்பின் கோல்ப் மைதானம். குதிரை ஓடும் பாதையும் பந்து ஓடும் புல்லும் ஒரே வளாகத்தில்! இப்படி ஓர் இடம் கிடைப்பது அபூர்வம் என்று ஆட்டக்காரர்கள் தேடி வந்தார்கள்.

ஆனால் நிலம் அரசு நிலம். சுமார் 160 ஏக்கர். 1945-ம் ஆண்டு 99 வருஷக் குத்தகைக்கு ரேஸ் கிளப்புக்குக் கொடுக்கப்பட்டது. வாடகை எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 614 ரூபாய் 13 காசு! ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் வருஷம் 4 ரூபாய்கூட வரவில்லை. பெட்டிக்கடை வைத்திருப்பவர் தன் வாடகை ரசீதை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

வாடகையை உயர்த்தியதில் அரசுக்கும் கிளப்புக்கும் தகராறு பல ஆண்டுகள் நடந்தது. 730 கோடி ரூபாய் பாக்கி என்று அரசு கணக்குக் காட்டியது. 2023 மார்ச்சில் ஐகோர்ட்டு, பாக்கியைக் கட்டும்படி உத்தரவிட்டது. 2024 செப்டம்பர் மாதம் குத்தகை ரத்து. 9-ந் தேதி அதிகாரிகள் போலீசாருடன் வந்து சீல் வைத்தார்கள். விவகாரம் மறுபடியும் கோர்ட்டு ஏறியது. அதே ஆண்டு அக்டோபரில், அங்கே 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கப்படும் என்று அரசு அறிவித்தது. வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் தேங்காமல் இருக்கக் குளம் வெட்டும் வேலையும் தொடங்கியது.

மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, புல் எப்படி என்று கேட்பதற்கு முன்னால் நிலம் யாருடையது, குத்தகை எதுவரை என்றும் கேட்கவேண்டும் என்பது கிண்டி கற்றுக்கொடுத்த பாடம்.

அருகம்புல்லும் ரெயில் தண்ணீரும்

வெயில் நாடுகளில் கோல்ப் மைதானத்துக்குப் போடும் புல்லுக்கு 'பெர்முடா' என்று பெரிய பெயர். வேறொன்றும் இல்லை, நம் அருகம்புல் இனம்தான்! பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதே ஜாதி. வெயிலுக்கு அசையாது. மிதிபட்டாலும் துளிர்க்கும். குழியைச் சுற்றி உள்ள இடத்தில் அதைச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டி வைப்பார்கள்.

அப்படி ஒட்ட வெட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டுமானால் ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். நூறு ஏக்கருக்கு ஒரு கோடி லிட்டர். 2019-ம் ஆண்டு சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரெயிலில் தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? முதல் ரெயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர். அப்படி நாலு ரெயில் தண்ணீர்!

மைதானம் முழுவதற்கும் யாரும் இப்படி விடுவதில்லை என்பது உண்மை. கழிவு நீரைச் சுத்தம் செய்து புல்லுக்கு விடும் வழியும் உலகத்தில் பல இடங்களில் இருக்கிறது. அந்த வழியில் போகும் மைதானமே நல்ல மைதானம். குடிதண்ணீரைப் புல்லுக்கு விடும் இடத்தில் எவ்வளவு பசுமை இருந்தாலும், குடத்தோடு கியூவில் நிற்கும் ஊருக்கு அது கண்ணை உறுத்தும்.

இவர் வேறு 'கேடி'

ஆட்டக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் தொழிலாளிக்குக் 'கேடி' என்று பெயர். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ மாட்டி வைத்திருக்கும் கேடி அல்ல, இவர் உழைப்பாளி.

பை தூக்குவது மட்டும் அல்ல இவர் வேலை. காற்று எந்தப் பக்கம், தரை எந்தப் பக்கம் சரிவு, எந்தக் குச்சியை எடுக்கவேண்டும், எல்லாம் இவருக்கு மனப்பாடம். புல் சாய்ந்த திசையில் உருட்டினால் பந்து ஓடும், எதிர்த் திசையில் உருட்டினால் தயங்கும். புதிதாக வந்தவர் கண்ணுக்கு அது தெரியாது. கேடி கண்ணுக்குத் தெரியும்.

பை தூக்கிய கைகள் கோப்பையையும் தூக்கியிருக்கின்றன. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷெர் 1991-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை ஜெயித்தார். அதை வாங்கிய முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே. பெங்களூர் கேடி சின்னசாமி முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். கல்கத்தாவில் புல் பராமரித்த தொழிலாளியின் மகன் எஸ்.எஸ்.பி. சவுராசியா 2008-ல் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் வெளிநாட்டுக்காரர்களைத் தோற்கடித்தார்.

ஆனால் எல்லாக் கேடிக்கும் கோப்பை கிடைத்துவிடாது. பல இடங்களில் மாதச் சம்பளம் கிடையாது. ஆட்டம் இருந்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. 2020-ல் ஊரடங்கு வந்து மைதானங்கள் மூடிக் கிடந்தபோது இவர்கள் பாடு திண்டாட்டம். எந்த மைதானத்துக் கதவில் பூட்டு விழுந்தாலும் உறுப்பினருக்குப் பொழுதுபோக்கு போகும். கேடிக்கு அன்றைய சாப்பாடு போகும். நிலம் பொதுமக்களுக்கு வரட்டும், பூங்கா வரட்டும். அதே நிலத்தில் பிழைத்தவனுக்கும் ஒரு வேலை வரவேண்டாமா?

கிளார்க்குக்கு ஒரு சீட்டு

மானேஜரிடம் கொடுக்க ஐந்தே வரி:

1. கிளப் திறந்திருக்கிறதா, வெளியாளுக்கு அனுமதி உண்டா என்று முன்னதாகவே போன் போட்டுக் கேட்கவும். பல இடங்களில் உறுப்பினர் கூட வந்தால்தான் விடுவார்கள்.

2. காலை 6 மணி நேரம் கிடைக்கிற இடமாகப் பார்க்கவும்.

3. வயதானவர் என்றால் சமதரை மைதானம், மலை வேண்டாம்.

4. தொப்பி, குடிதண்ணீர், உப்புப் போட்ட மோர் கட்டாயம்.

5. ஊர்க் கேடி ஒருவரை வைத்துக்கொள்ளவும். அவர் சொல்வதைக் கேட்கவும்.

ஆறாவதாக ஒன்றையும் கிளார்க் பென்சிலால் எழுதி வைக்கலாம். ஆட்டம் முடிந்ததும் அதிகாரி காரில் ஏறுவதற்கு முன்னால் கேடியின் கூலியை அங்கேயே கையில் கொடுத்துவிட வேண்டும். நாளைக்கு ஆட்டம் இருக்குமோ, இருக்காதோ?