கேமரன் மலை லேண்ட் ரோவரும் உள்ளிருந்து அரிக்கும் துருவும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், தாப்பாவிலிருந்து ஏறிவரும் பழைய சாலையில் முதலில் எதிர்ப்படும் ஊரான ரிங்லெட்டிலும், அதைச் சுற்றியுள்ள தேயிலை, காய்கறித் தோட்டங்களிலும் ஓடும் பழைய லேண்ட் ரோவர்கள், அவை பிறந்த பிரிட்டனில் பெரும்பாலும் சேகரிப்பாளர்களின் கொட்டகைகளுக்குள் ஒதுங்கிவிட்ட பிறகும், இம்மலையில் உரமூட்டையும் முட்டைக்கோசும் ஏற்றும் வேலை வண்டிகளாகவே நீடித்து வருகின்றன. இராணுவம் கழித்துவிட்ட வண்டிகளைத் தோட்டக்காரர்கள் வாங்கி ஓட்டத் தொடங்கியதில் வளர்ந்த இந்த வழக்கத்தால், ஒரு சிறிய மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான லேண்ட் ரோவர்கள் சேர்ந்துள்ளன. இவ்வண்டிகளைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் மிகப் பரவலானதும் மிகத் தவறானதும் அவை துருப்பிடிக்கா என்பதுதான்.

அந்த நம்பிக்கைக்கு வரலாற்றில் ஓர் அடிப்படை உண்டு. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் ரோவர் நிறுவனம் இவ்வண்டியை அறிமுகப்படுத்தியபோது, போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகு பங்கீட்டு முறையில்தான் கிடைத்தது என்பதால், அதன் மேற்கூட்டை அலுமினியமும் மக்னீசியமும் கலந்த பிர்மாபிரைட் என்னும் உலோகக் கலவையில் செய்தனர். அலுமினியம் காற்றுபட்டவுடன் தன்மீது ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அப்படலம் இறுக்கமானது என்பதால், அதைத் தாண்டி ஈரமும் காற்றும் உள்ளே புகுவது கடினம். ஆனால் அந்த அலுமினியத் தகடுகளைத் தாங்கி நிற்கும் சாசியும், இயந்திர அறையை ஓட்டுநர் அறையிலிருந்து பிரிக்கும் முன்சுவரும், கதவுகளின் உட்சட்டங்களும் எஃகினால் ஆனவை. பளபளக்கும் மேற்கூட்டைப் பார்த்து நிறைவடையும் உரிமையாளர், வண்டியின் முதுகெலும்பு அதற்கு அடியில் கரைந்துகொண்டிருப்பதைப் பல ஆண்டுகள் அறியாமலே இருந்துவிட முடியும்.

இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினையாகும். ஈரத்தில் நனைந்த இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் மின்னணுக்களை இழந்து கரைய, அந்த மின்னணுக்கள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்திற்குச் சென்று அங்குள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிய, இரண்டின் விளைபொருள்களும் சேர்ந்து நீரேறிய இரும்பு ஆக்சைடாக, அதாவது துருவாகப் படிகின்றன. துருவின் பருமன் அது தின்ற இரும்பின் பருமனைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இருக்கும் என்பதாலும், அலுமினியத்தின் படலத்தைப்போல் இறுகாமல் நுண்துளைகளோடு இருக்கும் என்பதாலும், அது வண்ணப்பூச்சை உப்பச்செய்து, பெயர்த்து, ஈரத்திற்கு மேலும் வழி திறந்துவிடுகிறது.

கரையும் இடம் எது என்பதில்தான் கேமரன் மலை வண்டிகளின் கதை அடங்கியிருக்கிறது. 1920களில் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த யூ. ஆர். எவன்ஸ், எஃகின்மீது ஓர் உப்புநீர்த் துளியை வைத்து, ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் துளியின் விளிம்பு தப்பிக்க, அது குறைவாகச் சென்றடையும் நடுப்பகுதியே அரிக்கப்படுவதைக் காட்டினார். காற்றுபடும் இடத்தில்தான் இரும்பு அதிகம் அரிபடும் என்ற பொதுவான எண்ணத்திற்கு இது நேர் எதிரானது. சாசியின் இடுக்குகளில் அப்பிக் கிடக்கும் சேற்றுக்கு அடியிலும் இதுவே நிகழ்கிறது: சேறு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆக்சிஜனைத் தடுப்பதால், அதன் கீழுள்ள எஃகு கரையும் முனையாக மாறுகிறது. லேண்ட் ரோவரின் சாசி, எஃகுத் தகடுகளை விளிம்போடு விளிம்பாகப் பற்றவைத்துச் செய்த உள்ளீடற்ற பெட்டிச் சட்டம் என்பதால், வடிதுளைகள் அடைபட்டதும் சேறு வெளியே மட்டுமன்றி உள்ளேயும் தேங்குகிறது. வெளியில் தெரியும் துளை, உட்புறத்தில் நெடுங்காலம் நடந்த அரிப்பின் கடைசிக் கட்டமே.

ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள ரிங்லெட்டில் கடற்காற்றின் உப்பு இல்லை; குளிர்நாடுகளைப்போல் சாலையில் உப்பு தூவுவதும் இல்லை. எனினும் உப்பு வேறு வழியில் வந்து சேர்கிறது. பொட்டாஷ் உரமாகப் பயன்படும் பொட்டாசியம் குளோரைடின் எடையில் ஏறக்குறையப் பாதி குளோரைடு ஆகும். உரமூட்டையின் கிழிசலில் சிந்தியதும், கோழி எருவின் கசிவும், தோட்டப் பாதையின் சேறும் கலந்து சாசியில் ஒட்டும்போது, கடலோர வண்டிக்கு வாய்க்கும் அதே கேடு மலை வண்டிக்கும் வாய்க்கிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும் மழையும், காலையும் மாலையும் இறங்கும் மூடுபனியும் அச்சேற்றை உலரவிடுவதில்லை.

எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும் இணைப்புகளில் வேறொரு சிக்கல் எழுகிறது. இரு வேறு உலோகங்கள் ஈரத்தின் வழியே இணையும்போது, அவற்றுள் வினைத்திறன் மிகுந்தது மற்றதற்காகக் கரைகிறது. இங்கு கரைவது அலுமினியம். கதவின் அடிப்பகுதியில் வண்ணம் கொப்புளித்து, கீறினால் வெள்ளைப் பொடி உதிர்வது இதனால்தான். அதைச் சுரண்டி மீண்டும் வண்ணமடிப்பதில் பயனில்லை. தகட்டைக் கழற்றி, இரு உலோகங்களுக்கும் நடுவே ரப்பர்ப் பட்டையோ மின்கடத்தாப் பூச்சோ வைத்துப் பிரித்தாக வேண்டும்.

மலேசியாவில் சரக்கு வாகனங்களும் வாடகைக்கு ஓடும் வாகனங்களும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்கு உட்பட வேண்டும்; சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு இந்தக் காலமுறைச் சோதனை இல்லாவிட்டாலும், உரிமை மாற்றத்தின்போது அதுவும் சோதனைக்கு வந்தாக வேண்டும். 1994இல் நிறுவப்பட்டு நீண்டகாலம் இப்பணியைத் தனியொரு நிறுவனமாகச் செய்துவந்த புஸ்பாகோமின் சோதனையில், பிரேக், விளக்கு, புகை ஆகியவற்றோடு வண்டியின் அடிப்பகுதியும், பதிவில் உள்ள சாசி எண்ணும் பார்க்கப்படுகின்றன. இந்த எண்ணில்தான் பழைய லேண்ட் ரோவர்காரர்கள் பலர் கோட்டைவிடுகின்றனர். 1970களின் வண்டிகளில் அது வலப்புற முன்சக்கரத்தின் பட்டை வில்லைத் தாங்கும் சட்டமுனையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் வாரியடிக்கும் சேறு வந்து விழும் இடமும் அதுவே. அங்குள்ள துருவைக் கிரைண்டர் கொண்டு தேய்த்தால் எண்ணும் சேர்ந்து மறையும். மறைந்த எண், திருட்டு வண்டியோ என்ற ஐயத்தை எழுப்பும். அவ்விடத்தில் மென்மையான கம்பித் தூரிகையும் துருநீக்கும் திரவமும் மட்டுமே பயன்படுத்தலாம்.

சோதனைக்குச் சில நாள்களே இருக்கையில் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, மேலே கருந்தார்ப் பூச்சு அடித்து அனுப்பும் வழக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு. இது சோதனையாளரை ஏமாற்றும் முயற்சி என்பதைவிட, உரிமையாளர் தம்மையே ஏமாற்றிக்கொள்ளும் செயல் எனலாம். பட்டிக்கு எடையைத் தாங்கும் வலிமை இல்லை, தார்ப்பூச்சோ உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேறவிடாமல் அடைத்து அரிப்பை விரைவுபடுத்துகிறது. முறையான வேலை கழுவுவதில் தொடங்கி, தட்டிப் பார்ப்பதில் தொடர்கிறது. சிறு சுத்தியலால் சாசி நெடுகத் தட்டும்போது நல்ல எஃகு கணீரென ஒலிக்கும். மெலிந்த இடம் சொத்தென மழுங்கி ஒலிக்கும். ஐயமான இடத்தைத் திருப்புளியின் முனையால் அழுத்திப் பார்க்கலாம். வண்டியின் பின்கோடியில் உள்ள குறுக்குச் சட்டமும், சாசியிலிருந்து பக்கவாட்டில் நீண்டு மேற்கூட்டைத் தாங்கும் கைகளும், முன்சுவரில் ஓட்டுநர் கால்வைக்கும் குழிகளும் முதலில் பார்க்கப்பட வேண்டியவை.

துளை விழுந்த பகுதியை நல்ல எஃகு வரும்வரை வெட்டி நீக்கிவிட்டு, ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டைப் பொருத்தி, இடைவெளியில்லாத தொடர் கோடாக வெல்டிங் செய்ய வேண்டும். துருவின்மேலேயே தகட்டை ஒட்டுவது அரிப்புக்குக் கூரை போட்டுக் கொடுப்பதாகும். பல பழைய லேண்ட் ரோவர்களில் எரிபொருள் தொட்டி முன் இருக்கையின் கீழே இருப்பதால், தீப்பொறி பறக்கும் முன் அதைக் கழற்றி அகற்றுவதும் மின்கலத்தின் இணைப்பை விடுவிப்பதும் கட்டாயம்.

துளையாகாமல் மேல்துரு மட்டும் உள்ள இடங்களுக்குத் துருமாற்றி என்னும் திரவம் போதுமானது. அதிலுள்ள டானிக் அமிலம் துருவோடு வினைபுரிந்து, இரும்பு டானேட் என்ற கருநீலச் சேர்மமாக மாற்றுகிறது. அன்னபேதியும் கடுக்காயும் கலந்து மை காய்ச்சிய முன்னோர் கண்டதும் இதே வினையைத்தான். தேயிலையிலும் இவ்வகைச் சேர்மங்கள் இருப்பதால் இரும்பு பட்ட தேநீர் கறுக்கிறது. அதற்காகத் தேயிலைச் சாற்றைச் சாசியில் ஊற்ற வேண்டியதில்லை. துருமாற்றியில் அமிலத்தோடு பிசினும் சேர்ந்திருப்பதால்தான் அது படலமாக நின்று பிடிக்கிறது.

வண்ணமடிப்பதில் இம்மலையின் வானிலை தனிக்கவனம் கோருகிறது. உலோகத்தின் வெப்பநிலை, காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது மூன்று டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தால்தான் பூச்சு பிடிக்கும் என்பது பொதுவிதி. பனி விலகாத காலையில் தேய்த்த எஃகின்மீது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும். நண்பகலில், கூரையின் கீழ் தேய்த்து, மறுநாளுக்கு விடாமல் அன்றே துத்தநாகம் மிகுந்த அடிப்பூச்சைக் கொடுப்பது நன்று. சாசியின் உட்புறத்திற்கு, வடிதுளைகளைத் திறந்து உலரவிட்ட பின், நீண்ட குழாய் வழியாக மெழுகைப் பீய்ச்ச வேண்டும். பழைய இயந்திர எண்ணெயை ஊற்றும் பழக்கம் மலிவானது, ஓரளவு பயனும் தரும். ஆனால் வழிந்தோடும் எண்ணெய் தோட்டத்து மண்ணிலும், நீரோடைகள் வழியே ரிங்லெட் நீர்த்தேக்கத்திலும் போய்ச் சேருவதால், அதைப் பரிந்துரைக்க இயலாது.

ஒட்டுப்போட்ட இடங்கள் நல்ல இடங்களைவிட அதிகமாகிவிட்ட வண்டிக்குச் சாசியையே மாற்றுவது நீண்டகால நோக்கில் மலிவாக முடியும். உருகிய துத்தநாகத்தில் ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸில் தோய்த்தெடுத்த புதிய சாசிகள் பிரிட்டனில் இன்றும் தயாராகின்றன. துத்தநாகம் உள்ளும் புறமும் படர்ந்து, இரும்புக்கு முன்னால் தான் கரைந்து அதைக் காக்கிறது. சாசி மாறினால் பதிவிலுள்ள எண்ணும் கேள்விக்குள்ளாகும் என்பதால், பழையதை வெட்டி எறிவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலைப் பெற்றுவிட வேண்டும்.