இரண்டு சமிக்ஞைகளை ஒன்றாக்கும் சிப்

ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய மொனிட்டர் ஒன்றை வாப்பா வீட்டுக்குக் கொண்டு வந்தார். நானாவின் கணினிக்குத் திரை இல்லை. புதிது வாங்க வசதியும் இல்லை. ஆனால் இந்த மொனிட்டரின் பின்னால் வழமையான 15 ஊசிச் செருகி இருக்கவில்லை. சிவப்பு, பச்சை, நீலம், சிங்க் என நான்கு வட்டத் துளைகள் மட்டுமே இருந்தன. ஒரு கிழமைக்குள் வேலை செய்யாவிட்டால் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிடுவதாக உம்மா சொல்லிவிட்டார்.

நிறங்கள் மூன்றுக்கும் கம்பிகள் நேரே பொருந்தின. சிக்கல் நான்காவது துளையில்தான்.

குழாய்த் திரையில் படம் ஒரேயடியாகத் தோன்றுவதில்லை. நாம் தமிழ் வாசிப்பதுபோல இடமிருந்து வலமாக, வரி வரியாகக் கீழிறங்கி எழுதப்படுகிறது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிறு துடிப்பு, "அடுத்த வரிக்குப் போ" என்கிறது. பக்கம் முடிந்ததும் வேறொரு துடிப்பு, "மேலே போ" என்கிறது. 1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ முறையில் 640க்கு 480 படமொன்றுக்கு மொத்தம் 525 வரிகள். செக்கனுக்கு ஏறத்தாழ 60 படங்கள். அப்படியானால் செக்கனுக்கு சுமார் 31,500 வரித் துடிப்புகள்! கணினி வரித் துடிப்பை 13ஆம் ஊசியிலும் பக்கத் துடிப்பை 14ஆம் ஊசியிலும் தனித்தனியே தருகிறது. எங்கள் மொனிட்டரோ இரண்டையும் ஒரே கம்பியில் கேட்டது.

நானா இரண்டு கம்பிகளையும் முறுக்கிவிடப் போனார். தடுத்தேன். ஒன்று 5 வோல்ற்றிலும் மற்றது பூச்சியத்திலும் நிற்கும் நேரத்தில் ஒன்றையொன்று இழுத்து, கணினியின் பகுதியே பழுதாகிவிடலாம்.

பரீட்சைக்காகப் பாடமாக்கிய எக்ஸோர் படலை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே வரும் இரண்டும் ஒன்றாயிருந்தால் 0, வேறுபட்டால் 1. 7486 என்ற 14 கால் சிப்பில் இப்படி நான்கு படலைகள் இருக்கின்றன. கணினி மின்வழங்கியின் சிவப்புக் கம்பியில் அதற்கு வேண்டிய 5 வோல்ற்று கிடைக்கும். (மஞ்சள் கம்பி 12 வோல்ற்று. அதைக் கொடுத்தால் சிப் போய்விடும்.)

இந்தப் படத்தில் இரண்டு கம்பிகளும் ஓய்வில் 1, துடிக்கும்போது 0. இரண்டும் 1 ஆக இருக்கையில் வெளியீடு 0. வரித் துடிப்பு வந்தால் 1. பக்கத் துடிப்பு இரண்டு வரி நேரம் நீடிக்கும், அப்போதும் 1. அதற்குள் ஒரு வரித் துடிப்பு வந்தால்? இரண்டும் 0, எனவே வெளியீடு 0. வரித் துடிப்பு மறையவில்லை, தலைகீழாகியிருக்கிறது, அவ்வளவுதான். சாதாரண 'அன்ட்' படலையைப் போட்டால் அந்த இரண்டு வரி நேரமும் ஒரே 0 ஆகிவிடும். மொனிட்டர் கணக்கைத் தவறவிட்டு, படத்தின் மேற்பகுதி வளையலாம்.

இரவு பொருத்தினோம். கணினி தொடங்கும்போது வரும் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. நானா கைதட்டினார். அடுத்த கணம் விண்டோஸ் படம் வர, திரை கிழிந்த சேலைபோல் சிதறியது. சிப் பழுதென்று நினைத்து வேறொன்றை மாற்றினேன். அதே சிதறல்.

இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. தொடக்க எழுத்துத் திரை 720க்கு 400 அளவு. அதில் பக்கத் துடிப்பு எதிர்ப்பக்கமாக, ஓய்வில் 0 ஆகவும் துடிக்கையில் 1 ஆகவும் வருகிறது. எந்த அளவுப் படம் வருகிறது என்று மொனிட்டருக்கு அறிவிக்கும் விஜிஏயின் வழி அது. அதனால் எழுத்துத் திரையில் என் வெளியீடு ஓய்வில் 1, மற்றதில் 0. எங்கள் மொனிட்டருக்கு ஓய்வில் 1தான் வேண்டும். சிப்பின் மேல் நான் சுமத்திய குற்றம் அநியாயம்!

தீர்வும் அதே சிப்பில்தான் இருந்தது. முதற்படலையின் வெளியீட்டை இரண்டாவது படலைக்குக் கொடுத்து, அதன் மற்றக் காலை ஒரு சுவிட்சோடு இணைத்தேன். அந்தக் கால் பூச்சியத்தில் இருந்தால் சமிக்ஞை அப்படியே போகும். 5 வோல்ற்றில் இருந்தால் தலைகீழாகும்.

பெற்றோருக்கு ஒன்று: இந்த வேலை முழுவதும் மொனிட்டருக்கு வெளியேதான் நடந்தது. பின்மூடியைக் கழற்றப் பிள்ளைகளை விடாதீர்கள். குழாய்த் திரைக்குள் ஆயிரக்கணக்கான வோல்ற்று, மின்னை நிறுத்திய பின்னும் தங்கியிருக்கும்.

சனிக்கிழமை பழைய இரும்பு வாங்குபவர் வந்தார். உம்மா ஓட்டை வாளியொன்றைக் கொடுத்தனுப்பினார்.