விரல் சொன்ன சூடும் சென்சார் சொல்லும் சூடும்

1993இல் வெளிவந்த இன்டெல் பென்டியம் 66 மெகாஹெர்ட்ஸ் பிராசசரின் சிலிக்கான் பரப்பு 294 சதுர மில்லிமீட்டர். அது அதிகபட்சம் 16 வாட் மின்திறனை வாங்கி வெப்பமாக வெளியே விட்டது. 2022இல் வந்த கோர் ஐ9-13900கே பிராசசரின் பரப்பு அதைவிடச் சற்றுக் குறைவு, 257 சதுர மில்லிமீட்டர். முழு வேகத்தில் ஓடும்போது அதற்கு இன்டெல் குறித்திருக்கும் மின்திறன் 253 வாட். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 18 மடங்கு. அன்று அந்த 16 வாட்டையே பெரிய சூடு என்று பேசினார்கள்.

அந்தப் பென்டியத்தின் உள்ளே வெப்பத்தை அளந்து சொல்ல எதுவும் இல்லை. கேபினட்டைத் திறந்து ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்ப்பதுதான் வழி. விரலைத் தயங்காமல் வைத்திருக்க முடிந்தால் சரி. உடனே எடுக்க வேண்டியிருந்தால் விசிறியில் தூசு, அல்லது கேபினட்டில் காற்றோட்டம் இல்லை. விரல் சொன்னது அலுமினியத்தின் சூட்டைத்தான். சிலிக்கானின் சூட்டை அது அறியாது. ஹீட்சிங்க் சரியாகப் பொருந்தாமல் இருந்தால் பிராசசர் வெந்துகொண்டிருக்க, தொட்டவருக்கு மேலே குளிர்ச்சியாகவே தெரியும். ஆனால் தொட்டுப் பார்த்தவருக்குத் தான் செய்வது ஊகம் என்று தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு ஒரு நன்மை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மதர்போர்டுகளில் நேஷனல் செமிகண்டக்டரின் எல்எம்78 போன்ற கண்காணிப்பு சிப்புகள் வந்து அமர்ந்தன. மின்னழுத்தம், விசிறியின் சுழற்சி, வெப்பம் மூன்றையும் அவை எண்ணாகத் தந்தன. அந்த எண்களைத் திரையில் காட்ட மதர்போர்டு மானிட்டர் என்ற மென்பொருளை நெதர்லாந்தின் அலெக்சாண்டர் வான் காம் எழுதினார். 2004 வரை அதை வளர்த்தார். அதை நிறுவுவதே ஒரு பாடம். எந்தப் போர்டு, எந்த சிப், அதன் மூன்று சென்சார்களில் எது பிராசசருக்கு உரியது என்று நாமே சொல்ல வேண்டும். தவறான சென்சாரைக் காட்டிவிட்டால், பவர் சப்ளைக்குப் பக்கத்துக் காற்றின் சூட்டைப் பிராசசரின் சூடு என்று நம்பி வாரக்கணக்கில் நிம்மதியாக இருக்கலாம். இன்றைய மென்பொருளைத் திறந்தால் போதும், பெயர்களோடு பட்டியல் வந்து நிற்கிறது. அன்று பெயர் வைத்தவர் பயனர். ஆகவே அந்தப் பெயரைச் சந்தேகிக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்து சென்சார் எங்கே இருந்தது என்பதில்தான் எல்லாக் குழப்பமும். ஏஎம்டி அத்லான் பொருந்திய சாக்கெட் ஏ போர்டுகளில், சாக்கெட்டின் நடுவில் உள்ள பள்ளத்தில் ஒரு சிறு தெர்மிஸ்டர் நிமிர்ந்து நிற்கும். பிராசசரை வைத்து அழுத்தினால் அதன் அடிப்பாகத்தை அது தொடலாம், தொடாமலும் போகலாம். சூடு பிறப்பதோ மேலே, சிலிக்கானில். இடையில் பிராசசரின் உடல், கீழே காற்று. சிலிக்கானின் உண்மைச் சூட்டுக்கும் தெர்மிஸ்டர் காட்டியதற்கும் பத்து, பதினைந்து டிகிரி இடைவெளி இருப்பது சாதாரணம். போர்டு நிறுவனங்கள் அந்த இடைவெளியைத் தங்கள் கணிப்புப்படி பயாஸில் கூட்டிக்கொண்டன. அதனால் பயாஸைப் புதுப்பித்த மறுநாள் அதே பிராசசர், அதே விசிறி, அதே அறையில் சில டிகிரி 'குளிர்ந்துவிடும்'. நல்ல ஹீட்சிங்க் வாங்கியவர் அடைய விரும்பிய குளிர்ச்சியை நிரல் வரி ஒன்று இலவசமாகத் தந்தது!

அந்த அளவுமுறையின் உண்மையான விலை 2001இல் வெளிப்பட்டது. டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தினர் நான்கு கணினிகளில் விளையாட்டு ஒன்றை ஓடவிட்டு, ஓடும்போதே பிராசசரின் மேலிருந்த ஹீட்சிங்கைக் கழற்றிப் படம் பிடித்தார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு ஓடியது; ஹீட்சிங்க் திரும்ப வந்ததும் பழைய வேகத்துக்கு வந்தது. பென்டியம் 3 நின்றுபோனது, ஆனால் பிழைத்தது. 1.4 கிகாஹெர்ட்ஸ் அத்லானின் சூடு 300 டிகிரியைத் தாண்டி, புகையோடு அதன் ஆயுள் முடிந்தது. சாக்கெட்டுப் பள்ளத்தில் நின்ற தெர்மிஸ்டருக்குச் செய்தி போய்ச் சேரும் முன்பே எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

வேறுபாடு சிலிக்கானுக்குள்ளேயே வைத்த டயோடு. அதன் வழியே இரு வேறு அளவு மின்னோட்டத்தை மாற்றி மாற்றிச் செலுத்தி, மின்னழுத்த வேறுபாட்டை அளந்தால் வெப்பநிலை கிடைக்கும். கொள்கை அழகானது, அளவுதான் பயமுறுத்துவது. இரண்டு மின்னோட்டங்களும் ஒன்றுக்குப் பத்து என்ற விகிதத்தில் இருந்தால், ஒரு டிகிரிக்குக் கிடைப்பது சுமார் 200 மைக்ரோவோல்ட். பிராசசரிலிருந்து கண்காணிப்பு சிப் வரை போர்டில் ஓடும் மெல்லிய செம்புத்தடம் ஒன்றிரண்டு ஓம் தடையைச் சேர்த்தாலே அரை டிகிரி, ஒரு டிகிரி என்று பிழை கூடும். பக்கத்தில் மின்சுற்றின் இரைச்சல் வேறு. 54 டிகிரி என்று திரையில் பார்த்தவர் 51க்கும் 57க்கும் இடையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

2006இல் கோர் டுவோ, கோர் 2 டுவோ பிராசசர்களில் சிலிக்கானுக்குள்ளேயே அளந்து, உள்ளேயே எண்ணாக்கி, ஒரு ரெஜிஸ்டரில் எழுதிவைக்கும் டிஜிட்டல் சென்சார் வந்தது. செம்புத்தடமும் வெளி இரைச்சலும் ஒழிந்தன. ஒவ்வொரு கோருக்கும் தனி எண். ஆனால் அது காட்டியது வெப்பநிலை அல்ல, தொலைவு. பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் என்பதை மட்டுமே அது சொன்னது. அந்த உச்ச வரம்பு எவ்வளவு என்பதை டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு இன்டெல் அப்போது வெளியிடவில்லை. தொலைவு 40 என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 100 என்று கருதும் மென்பொருள் 60 டிகிரி என்று காட்டும். 85 என்று கருதும் மென்பொருள் 45 என்று காட்டும். ஒரே சிப், ஒரே நொடி, 15 டிகிரி வேறுபாடு.

இதுவே அந்த ஆண்டுகளின் பெரிய வழக்கு. கோர் டெம்ப், ரியல் டெம்ப் போன்ற கருவிகளை எழுதியவர்களும் அவற்றை நம்பியவர்களும் வரம்பைத் தாங்களே கண்டுபிடிக்க முயன்றார்கள். வேகத்தையும் மின்னழுத்தத்தையும் ஆகக் குறைத்து, கேபினட்டைத் திறந்துவைத்து, வேலையில்லாமல் சிப்பை ஓய்வில் விட்டு, பிராசசரின் மேல்தகட்டை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து, சென்சார் சொன்ன தொலைவோடு ஒப்பிட்டார்கள். 2008 ஆகஸ்டில் சான்ஃப்ரான்சிஸ்கோவில் நடந்த டெவலப்பர் மாநாட்டில் இன்டெல் அந்த எண்களை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த கோர் ஐ7, வரம்பைத் தானே ஒரு ரெஜிஸ்டரில் எழுதிவைத்துக்கொண்டு பிறந்தது. இரண்டு ஆண்டு வழக்குக்கு மென்பொருளின் ஒரு வாசிப்பில் தீர்ப்பு.

அதற்கு முன்பு சென்சாரின் நேர்மையைச் சோதிக்க மக்கள் கையாண்ட முறைகள் எளியவை, இன்றும் செல்லுபடியாகுபவை. முதலாவது, காற்றாலோ சாதாரண நீர்க் குளிர்விப்பாலோ குளிர்விக்கப்படும் எதுவும் அறையைவிடக் குளிர முடியாது. மே மாதச் சென்னையில் அறை 34 டிகிரியில் இருக்க, கோர் 28 என்று திரை சொன்னால் திரை பொய் சொல்கிறது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், சுவரில் தொங்கும் வெப்பமானி போதும். (ரிச்சி தெருவில் பிராசசர் வாங்குவோர் வீட்டுக்குப் போகும் வழியில் இதையும் வாங்கிப் போகலாம் என்பது என் பழைய பரிந்துரை.) அடுத்து, சுமையை மெல்ல ஏற்றி இறக்கினால் எல்லாக் கோர்களும் கூடவே ஏறி இறங்க வேண்டும். 45 நானோமீட்டர் கோர் 2 பிராசசர்கள் சிலவற்றில் ஒரு கோர் ஓய்வில் ஓர் எண்ணிலேயே அசையாமல் நிற்கும். மற்றது அதற்குக் கீழே இறங்கிப் போகும். நின்ற சென்சார் கெட்டுப்போனது என்று சொல்வது முழுச் சரியல்ல. அது உச்ச வரம்புக்கு அருகில் சரியாக எச்சரிக்கத்தான் வைக்கப்பட்டது. அதன் துல்லியமும் அங்கேதான். கீழே வர வர அளவுகோல் கோணலாகும். ஓய்வு நேரத்து வெப்பநிலையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்கள், சென்சார் எங்கே பலவீனமாக இருந்ததோ அங்கேதான் அதை அதிகம் நம்பினார்கள்.

பின்னாளில் இன்டெல் தன் தொழில்நுட்ப ஏடுகளில், டிஜிட்டல் சென்சாரின் பிழை கூட்டியோ குறைத்தோ 5 டிகிரிக்கு மேல் போகாது என்று எழுதியது. அதை வைத்துப் பார்த்தால், இரண்டு குளிர்விப்பான்களுக்கு இடையே 2 டிகிரி வேறுபாடு என்று எழுதப்படும் மதிப்புரைகள் ஒரே பிராசசரில், ஒரே அறை வெப்பத்தில் செய்யப்பட்டவையாக இருந்தால் மட்டுமே பொருளுள்ளவை. உங்கள் சிப்பையும் நண்பரின் சிப்பையும் அந்த எண்களால் ஒப்பிடுவதில் பொருளில்லை.

எண்ணுக்குள் நிறுவனமே கை வைக்கும் வழக்கமும் சேர்ந்தது. 2017இல் ரைசன் 7 1800எக்ஸ், 1700எக்ஸ் வாங்கியவர்கள் தங்கள் பிராசசர் எதிர்பார்த்ததைவிட 20 டிகிரி சூடாக இருப்பதைக் கண்டு பதறினார்கள். அந்த 20 டிகிரியை ஏஎம்டி வேண்டுமென்றே கூட்டியிருந்தது. எல்லா ரைசன் மாதிரிகளுக்கும் விசிறி ஒரே விதியில் சுழல வேண்டும் என்பது காரணம். த்ரெட்ரிப்பரில் அந்தக் கூடுதல் 27. பழைய போர்டுகள் பயாஸில் செய்த அதே வேலைதான். இப்போது பிராசசர் நிறுவனமே செய்து, விளக்கமும் தந்தது. விளக்கம் தந்தது முன்னேற்றம்.

அன்று 60 டிகிரியைத் தாண்டினால் ஹீட்சிங்க் மாற்றுவது பற்றி யோசித்தார்கள். இன்று ரைசன் 7000 வரிசையை ஏஎம்டி 95 டிகிரியிலேயே ஓடும்படி வடிவமைத்திருக்கிறது. வெப்பம் அங்கே வந்து நிற்கும் வரை பிராசசர் தன் வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. நல்ல குளிர்விப்பான் போட்டால் முழுச் சுமையில் எண் குறையாது, வேகம் கூடும். வெப்பமானியின் எண்ணைப் பார்த்து இனி எதையும் தீர்மானிக்க முடியாது. 95 என்பது நோயா ஆரோக்கியமா என்று சொல்ல, எத்தனை வாட்டில், எத்தனை மெகாஹெர்ட்ஸில், எத்தனை கோர்கள் ஓடும்போது என்று கேட்க வேண்டும். பழைய கேள்வி எளிதாக இருந்தது, விடை தவறாக இருந்தது. புதிய விடை ஏறக்குறைய சரி; கேள்வியைக் கேட்பதற்குத்தான் படித்திருக்க வேண்டும்.

கிடைத்தது பெரிது. ஹீட்சிங்கைக் கழற்றினாலும் இன்றைய பிராசசர் எரியாது. தன்னைத் தாழ்த்திக்கொள்ளும், முடியாவிட்டால் அணைந்துவிடும். விசிறி நின்ற இரவில் கணினி காலைவரை உயிரோடு இருக்கும். இழந்ததைச் சொன்னால் சிறியதாகத் தோன்றலாம்: ஓர் எண்ணைப் பார்த்ததும், இதை யார் அளந்தார், எங்கிருந்து, எதற்காக என்று கேட்கும் பழக்கம். இன்று எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்தால் நூற்றுக்கு மேற்பட்ட வரிகள். ஒரு புள்ளிக்குப் பின் ஓரிலக்கம் வரை துல்லியம். நடுவே எங்கோ 127 டிகிரி என்று ஒரு வரி. எதுவும் இணைக்கப்படாத சென்சார் இணைப்பு, எட்டு பிட்டில் எழுதக்கூடிய ஆகப்பெரிய நேர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக் கடைக்கு மதர்போர்டைத் திருப்பி எடுத்துப் போகிறவர்கள் உண்டு.

மறுபக்கத்தில், லினக்ஸ் கெர்னலில் கே10டெம்ப் என்றொரு டிரைவர் இருக்கிறது. ஏஎம்டியின் சாக்கெட் எஃப், ஏஎம்2+ வகைப் பிராசசர்கள் சிலவற்றின் சென்சார் முரண்பட்ட எண்களைத் தரலாம் என்று ஏஎம்டியே 319 என்ற எண்ணிட்ட பிழைக்குறிப்பில் ஒப்புக்கொண்டிருந்தது. அவற்றைக் கண்டால் இந்த டிரைவர், சென்சார் நம்பத்தக்கதல்ல என்று ஒரு வரி எழுதிவிட்டு, எண் எதையும் காட்ட மறுத்துவிடும். பயனர் வற்புறுத்தினால், அதற்கென்றே உள்ள ஒரு விருப்பத்தை எழுதிக் கொடுத்தால் மட்டுமே காட்டும். நான் பார்த்த வெப்பக் கண்காணிப்பு மென்பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.