வாசலிலிருந்து கிணற்றடி வரை

2009 மே மாதம் போர் முடிந்த பின்னர் வன்னியில் எத்தனையோ கல்வீடுகள் எழுந்துவிட்டன. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மட்டும், வடக்குக் கிழக்கில் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்ட குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா கிடைத்தது. அத்திவாரம், சுவர், கூரை என்று அந்தப் பணம் கரைந்தது. வாசற்படிக்கு வெளியே உள்ள நிலம் பல வீடுகளில் இன்னும் அப்படியே கிடக்கிறது.

சமூகப் பணிக்காக வீடு வீடாகச் செல்லும் நான் இந்த நிலத்தையே அதிகம் பார்க்கிறேன். அடுப்படி, கிணற்றடி, மலசலகூடம் ஆகிய மூன்றுக்கும் இடையில் ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை தடவை நடக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வழி முழுவதும் சேறாகிவிடும். ஒரு காலை இழந்த சகோதரி ஒருவர் என்னிடம் சொன்னார்: “பொய்க்கால் சேத்துக்கை புதைஞ்சா இழுத்தெடுக்க ஏலாது அக்கா. இரவிலை வெளியிலை போகப் பயத்திலை பின்னேரத்தோடை தண்ணி குடிக்கிறதை விட்டிடுவன்.” தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர்க் கடுப்பும் கிருமித் தொற்றும் வரும். ஆகவே முற்றத்துக்குக் கல் பதிப்பதை நான் அழகு வேலையாகப் பார்ப்பதில்லை. அது உடல்நலத்தோடு சேர்ந்த விடயம்.

முற்றம் முழுவதற்கும் கல் பதிக்க வேண்டியதில்லை. அதற்காக வட்டிக்குக் கடன் எடுக்கவே வேண்டாம். வாசலிலிருந்து கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் மூன்றடி அகலப் பாதை ஒன்று போதும். சக்கர நாற்காலி பாவிப்பவர் இருந்தால் நான்கடி நல்லது. மூன்றடி அகலத்தில் முப்பதடி நீளப் பாதை என்றால் 90 சதுர அடி. எட்டங்குல நீளமும் நாலங்குல அகலமும் உள்ள இன்டர்லொக் கல், சதுர அடிக்கு நாலரை வீதம் 405 வேண்டும். உடைவுக்கும் சேர்த்து 425 வாங்கலாம். அடியில் போட அரைக் கியூப் கிரவலும், அதன் மேல் பரப்பப் பன்னிரண்டு கன அடி ஆற்று மணலும் போதும். கடல் மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு கல்லின் மேல் வெள்ளையாகப் பூக்கும்.

மண்வெட்டியை எடுக்க முன் ஒரு விடயம். உங்கள் காணி கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதியா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். தோண்டும்போது சந்தேகமான இரும்போ பிளாஸ்ரிக் பொருளோ தென்பட்டால் தொடாதீர்கள். வேலையை நிறுத்தி, வந்த வழியே திரும்பி, பொலிசாருக்கு அறிவியுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். கல்லின் ஆயுள் கல்லில் இல்லை, அதன் அடியில் இருக்கிறது. நூல் பிடித்து ஏழு அங்குல ஆழத்துக்குத் தோண்டுங்கள். வேர்களையும் இளகிய மண்ணையும் அகற்றுங்கள். கிரவலை இரண்டு அங்குலம் போட்டு, சிறிது தண்ணீர் தெளித்து, கனமான கட்டையால் இறுக இடியுங்கள். பின் இன்னும் இரண்டு அங்குலம் போட்டு அதேபோல் இடியுங்கள். நாலு அங்குலத்தையும் ஒரேயடியாகக் கொட்டி இடித்தால் மேல் மட்டும் இறுகும், அடி இளகியே கிடக்கும். முதல் மழையிலேயே அந்தக் கல் தாழும்.

மழைத்தண்ணீர் சுவர்ப் பக்கம் வராமல் பாதையைச் சற்றுச் சரிவாக அமைக்க வேண்டும். மூன்றடி அகலத்துக்கு முக்கால் அங்குலச் சரிவு போதும். வழியும் தண்ணீரை வாழைப்பாத்திக்குத் திருப்பிவிடலாம்.

கிரவலின் மேல் ஒன்றரை அங்குலத்துக்கு மணலைப் பரப்பி, நேரான பலகையால் வழித்து மட்டமாக்குங்கள். வழித்த மணலில் கால் வைக்கக்கூடாது. பதித்த கல்லின் மேல் நின்றுகொண்டே அடுத்த கல்லை வைத்து முன்னே போகவேண்டும். கற்களுக்கிடையில் ஒரு நூலளவு இடைவெளி இருக்கட்டும். பலகையை மேலே வைத்துச் சுத்தியலால் தட்டி மட்டம் பாருங்கள். ஒரு கல் மட்டும் உயர்ந்து நின்றால் ஊன்றுகோலுக்கும் பொய்க்காலுக்கும் அதுவே ஆபத்து. வாசற்படி ஆறு அங்குல உயரமானால், சக்கர நாற்காலி ஏற ஆறடி நீளச் சரிவு தேவை.

பலர் விட்டுவிடுவது ஓரக் கட்டு. இரு ஓரமும் சீமெந்துக் கலவையில் இறுக்கிய கல்வரிசை இல்லாவிட்டால் கற்கள் நாளடைவில் விலகி, நடுவும் குழியும். கடைசியாக, உலர்ந்த மென்மணலைத் தூவி, தும்புத்தடியால் இடைவெளிகளுக்குள் கூட்டுங்கள். தட்டி இறுக்கி, மறுபடியும் மணல் கூட்டுங்கள். சில வாரத்தில் மணல் இறங்கும்போது இன்னொரு தடவை நிரப்பவேண்டும். இந்தக் கல்லின் மேல் சீமெந்து பூசவேண்டாம். பூசினால் வெடிக்கும், தண்ணீரும் இறங்காது.

யாழ்ப்பாணப் பக்கத்தில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லைப் பதிப்பவர்கள் சொரசொரப்பான பக்கத்தை மேலே வையுங்கள். இடைவெளிக்கு ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல் கலவை போட்டு, ஏழு நாள் ஈரமாக வைத்திருங்கள். கறை போக்க அசிற் ஊற்றாதீர்கள். அது சுண்ணாம்புக் கல்லை அரிக்கும். கிணற்றடியில் பிடிக்கும் பாசியைத் தும்புத்தடியால் அடிக்கடி தேய்த்துவிட்டால் போதும்.

“இது ஆம்பிளையளின்ரை வேலையெல்லோ பிள்ளை?” என்று அம்மா ஒருவர் கேட்டார். முற்றத்தைக் கூட்டுவதும், சாணம் தெளிப்பதும், கோலம் போடுவதும் நாங்கள்தான். முற்றத்தின் மேடும் பள்ளமும் எங்களைவிட யாருக்குத் தெரியும்? தோண்டுவதும் இடிப்பதும் பாரமான வேலைதான். அதற்கு நாலு பேர் சேரவேண்டும். மாதர் சங்கத்தில் பேசி, இந்தக் கிழமை ஒரு வீடு, அடுத்த கிழமை மற்ற வீடு என்று முறை வைத்துக் கைமாற்றாகச் செய்தால் கூலிப்பணம் மிச்சம்.

ஒருவருக்கும் ஒரேயடியாக முப்பதடி போட வேண்டிய கட்டாயம் இல்லை. கல்லுக்குக் காசு சேரச்சேரப் பத்தடியாகப் போடலாம். ஆனால் மலசலகூடப் பாதையிலிருந்து தொடங்குங்கள். யார் வீட்டை முதலில் எடுப்பது என்ற கேள்வி சங்கத்தில் வந்தால், இரவில் வெளியே போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் படுக்கும் சகோதரியின் வீட்டை முதலில் எடுங்கள். ஆவணியில் தொடங்கினால் மாரி மழைக்கு முன் அவருக்கு ஒரு பாதை இருக்கும்.