கியூஆர் கட்டத்துக்குப் பின்னால் இயங்கும் கட்டமைப்பு

பினாங்கு, ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியாவில் வாடிக்கையாளர் ஒருவர் டுயிட்நவ் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து பணம் செலுத்தும்போது, இருவருடைய வங்கிகளும் வேறாக இருந்தாலும் தொகை நொடிகளில் கடைக்காரரைச் சேர்வதற்குக் காரணம், மென்பொருளின் பகுதிகள் எவை, அவை எவ்வாறு இணைகின்றன என்பதை முன்கூட்டியே வகுத்துவைக்கும் மென்பொருள் கட்டமைப்பாகும். மலேசியாவின் பணப்பரிமாற்ற வலையமைப்பை நடத்தும் பேநெட் நிறுவனம் 2018இல் அறிமுகப்படுத்திய டுயிட்நவ் சேவையில் கணக்குகள் அந்தந்த வங்கியிலேயே இருக்க, கைப்பேசி எண் எந்தக் கணக்குக்கு உரியது என்று காட்டும் பதிவேடும் தகவலை உரிய வங்கிக்கு அனுப்பும் இணைப்பு மையமும் பொதுவாக வைக்கப்பட்டுள்ளன.

இத்தகைய கட்டமைப்பு வகைகளுள், எல்லாப் பணிகளையும் ஒரே நிரலில் அடக்கும் ஒற்றைக்கட்டு அமைப்பு, சிறிய குழு எளிதாக உருவாக்கிப் பராமரிக்கத்தக்கது. ஆனால் தீபாவளி விற்பனையின்போது கட்டணப் பகுதியில் மட்டும் நெரிசல் மிகுந்தாலும் முழு நிரலையும் கூடுதல் சர்வர்களில் இயக்க வேண்டியிருக்கும். பணிகளைத் தனித்தனி நிரல்களாகப் பிரிக்கும் நுண்சேவை அமைப்பில் நெரிசலான பகுதியை மட்டும் பெருக்கலாம் எனினும், பகுதிகள் வலையமைப்பின் வழியே பேசிக்கொள்வதால் இடையில் பதில் தவறக்கூடும். அப்போது அதே கோரிக்கை மீண்டும் அனுப்பப்பட்டாலும் பணம் இருமுறை கழியாதிருக்க, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் வழங்கி, முன்பே நிறைவேறிய எண்ணுக்குப் பழைய விடையையே திருப்பித் தரும்படி வடிவமைக்கின்றனர்.

ஆகவே, ஒற்றைக்கட்டில் தொடங்கி, நெரிசல் எங்கே எழுகிறது என்பதை அளந்தறிந்த பின்னர் அப்பகுதியை மட்டும் பிரித்தெடுப்பதே பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பொருத்தமான வழியாகும்.