‘எஸ்கேப்’: ஒரு சொல்லும் அதன் சமூகப் பொருளும்

‘எஸ்கேப்’ என்னும் ஆங்கிலச் சொல் பிற்கால இலத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ‘மேலங்கியினின்று வெளியேறுதல்’ என்பதே அதன் மூலப்பொருள் என்பர். துரத்துவோன் கையில் அங்கி எஞ்ச, ஆள் விடுபட்டுவிடுகிறான். இன்று வாயுக் கசிவும், ஒப்பந்தத்தினின்று விலக இடந்தரும் வாசகமும், புவியீர்ப்பினின்று விடுபடத் தேவையான செக்கனுக்கு ஏறத்தாழ 11.2 கிலோமீற்றர் வேகமும் இச்சொல்லாலேயே குறிக்கப்பெறுகின்றன.

எனினும், இச்சொல்லின் மதிப்பீடு பேசுவோனின் சமூக நிலையைப் பொறுத்தது என்பதையே நாம் வற்புறுத்த விரும்புகிறோம். பிரெடெரிக் டக்ளஸ் 1838இல் அடிமைத்தளையினின்று தப்பியமை அவருக்கு விடுதலை; ஆண்டைக்கோ சொத்திழப்பு. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்னும் அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவதை மனநோயென்றே வகைப்படுத்தினார். தமிழிலும் ‘தப்பு’ என்பது விடுபடுதலையும் பிழையையும் ஒருங்கே சுட்டுவது நோக்கத்தக்கது.

1930களில் பரவிய ‘எஸ்கேப்பிசம்’ என்னும் கண்டனச் சொல்லை முற்போக்கு விமர்சகர்களும் கையாண்டனர். கைதி தப்புதலும் போர்முனையைக் கைவிட்டோடுதலும் ஒன்றல்ல என்று 1939ஆம் ஆண்டு உரையொன்றில் டோல்கீன் வாதிட்டார். அவரது உலகநோக்கு நமக்கு உடன்பாடன்று, இவ்வேறுபாடோ ஏற்புடையது. ஒரு படைப்பு யதார்த்தத்தினின்று தப்பியோடுகிறது எனக் கண்டிக்குமுன், அது எச்சிறையினின்று தப்ப முனைகிறது என வினவுதல் விமர்சகரின் கடமையாகும்.